கூமுட்டைக் கணக்கு

கோழியை அடை வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், பன்னிரண்டு முட்டை வைத்தால் பன்னிரண்டும் பொரிக்காது. 21 நாள் கழிந்தும் ஓடு கீறாமல் கிடக்கும் ஒன்றிரண்டை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே களக் களக்கென்று ஆடினால் கூமுட்டை. குப்பைக்குழியில் எறிந்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் அடைக்கு அடை பாதி முட்டை இப்படிப் போக ஆரம்பித்தால் விவரமான பெரியவர்கள் கோழியைக் குறை சொல்லமாட்டார்கள், சேவலை மாற்றுவார்கள். ஒரே சேவல் மகளையும் பேத்தியையும் மிதித்துக்கொண்டிருந்தால் குஞ்சு தேறாது என்பது அவர்கள் பட்டறிவு. பக்கத்து ஊரிலிருந்து ஒரு சேவல் வரும். அடுத்த அடையில் கணக்கு நேராகும்.

காட்டுப் பறவைக்குச் சேவல் மாற்றித்தர யாரும் கிடையாது. பக்கத்துக் காட்டிலிருந்து ஒன்று தானாகப் பறந்து வந்தால்தான் உண்டு. அந்தப் பக்கத்துக் காடுகளைத்தான் கடந்த இருநூறு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துவருகிறோம். பறவைப் பாதுகாப்பு என்று நாம் பேசுவது பெரும்பாலும் தலைக்கணக்கு. போன வருடம் எத்தனை, இந்த வருடம் எத்தனை, கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. அந்தத் தலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடைகள் பல நேரங்களில் தலைக்கணக்குக்கு எதிராகவே இருந்திருக்கின்றன.

நியூசிலாந்தில் ஜேம்ஸ் பிரிஸ்கியும் மைரா மெக்கின்டோஷும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய நம் கோழிக்காரர்களின் கேள்வியையே கேட்டது. அந்நாட்டின் 22 வகைப் பறவைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வரலாற்றில் எவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு இறங்கி மீண்டது, அதன் முட்டைகளில் எத்தனை பொரிக்காமல் போகின்றன என்று ஒப்பிட்டார்கள். எந்த அளவுக்குக் கீழே இறங்கியதோ அந்த அளவுக்குக் கூமுட்டை கூடியிருந்தது. குறிப்பாக, ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 150க்கும் கீழே போன இனங்களில் பொரிக்காத முட்டை மிக அதிகம். எண்ணிக்கை பிறகு ஏறியிருக்கலாம். முட்டை அந்தப் பழைய இடுக்கை மறக்கவில்லை.

இதன் உள்விவகாரம் சிக்கலானதல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவும் ஒரு பறவையிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது சமாளித்துவிடும். பழுது வெளியே தெரியாமல் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து பயணம் செய்யும். நெருங்கிய உறவுப் பறவைகள் இணையும்போதுதான் ஒரே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. கரு முட்டைக்குள்ளேயே நின்றுபோவது அதன் முதல் அடையாளம். இது உட்கலப்பின் தீங்கு. இன்னொன்று அதைவிட மெதுவானது. பத்துக் குதிரில் பல ரக நெல் கலந்து கிடக்கிறது; விதைக்கென்று ஒரே ஒரு கைப்பிடி அள்ளுகிறோம். அந்தக் கைக்குள் வராத ரகம் அடுத்த போகத்தில் கிடையாது. எவ்வளவு நல்ல மழை பெய்தாலும் அது திரும்ப முளைக்காது. சிறிய பறவைக்கூட்டத்தில் இப்படித் தற்செயலாக மரபணு ரகங்கள் உதிர்வதைத்தான் மரபியல் நகர்வு என்கிறார்கள்.

அந்த ரகங்கள் எதற்குத் தேவை என்று கேட்டால் ஹவாயைப் பார்க்கலாம். அங்கே கொசுவே இல்லாமல் இருந்தது. 1826இல் கப்பல் ஒன்றின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு கொசு வந்திறங்கியதாகச் சொல்வார்கள். பின்னால் பறவை மலேரியாவும் வந்து சேர்ந்தது. அத்தீவுகளுக்கே உரிய தேன்பருகிப் பறவைகள் தாழ்வான காடுகளிலிருந்து துடைத்தெறியப்பட்டன. தப்பியவை கொசு ஏறாத குளிர்ந்த மலைமேல் ஒண்டிக்கொண்டன. ஆனால் அமாகிஹி என்ற சிறு பறவை மட்டும் மலேரியா நிறைந்த தாழ்நிலங்களிலேயே மறுபடி பெருகத் தொடங்கியது. நோயைத் தாங்கும் மரபு சிலவற்றிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. மற்றவை செத்த இடத்தில் அவற்றின் வாரிசுகள் பெருகின. அந்தக் கைப்பிடி விதை இல்லாத அதன் உறவினங்கள் பல இன்று இல்லை. கனடாவின் மாண்டார்ட்டே தீவில் பாட்டுச் சிட்டுகளை ஒவ்வொன்றாக வளையமிட்டு வம்சாவளி எழுதிவைத்திருந்தார்கள். 1989 குளிர்காலத்துப் புயலில் பெரும்பாலானவை மடிந்தபோது ஏட்டைப் புரட்டிப் பார்த்தால், உட்கலப்பில் பிறந்தவையே அதிகம் செத்திருந்தன. நல்ல காலத்தில் தெரியாத பழுது கெட்ட காலத்தில் கணக்குக் கேட்கிறது.

மீட்புக் கதைகளில் புகழ்பெற்றது சாத்தம் தீவுகளின் கருப்பு ராபின். நியூசிலாந்துக்குக் கிழக்கே கடலில் கிடக்கும் சிறு தீவுகள் அவை. எலியும் பூனையும் வந்தபின் இந்தச் சிறு பறவை செங்குத்தான ஒரு பாறைத்தீவில் மட்டும் எஞ்சியது. 1976இல் அங்கிருந்த ஏழு பறவைகளைப் பிடித்துப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். 1980இல் உலகத்திலேயே ஐந்துதான் இருந்தன. அவற்றில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்துத் தந்தது ஒரே பெட்டை. காலில் நீல வளையம் மாட்டியிருந்ததால் அதற்கு ‘ஓல்டு ப்ளூ’ என்று பெயர். டான் மெர்ட்டன் குழுவினர் அதன் முதல் முட்டைகளை எடுத்து வேறு சாதிக் குருவியின் கூட்டில் வைத்து அடைகாக்க வைத்தார்கள். கூடு வெறிச்சோடியதால் ஓல்டு ப்ளூ மறுபடி முட்டையிட்டது. நம்மூரில் வாத்து முட்டையைக் கோழிக்கு வைக்கும் வித்தைதான். இன்று சில நூறு கருப்பு ராபின்கள் உண்டு. அத்தனையும் அந்த ஒரு தாய், ஒரு தந்தையின் வழி வந்தவை.

இதோடு கதையை முடித்துக் கைதட்டிவிடுவதுதான் வழக்கம். அதன் பின்பகுதி அவ்வளவாக யாரும் சொல்லாதது. சில பெட்டைகள் முட்டையைக் கூட்டின் நடுக்குழியில் இடாமல் விளிம்பில் இட்டுவைத்தன. விளிம்பு முட்டை சூடு படாமல் வீணாகும். உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும் பறவையின் முட்டை வீணாவதை எந்தக் காவலர் பார்த்துக்கொண்டிருப்பார்? விரலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டார்கள். குஞ்சு பொரித்தது. அந்தக் குஞ்சில் பெட்டையானவை வளர்ந்து அவையும் விளிம்பில் முட்டையிட்டன. அது வம்சத்தில் வரும் குணம். 1989 வாக்கில் முட்டையிடும் பெட்டைகளில் பாதிக்கும் மேல் இந்தப் பழக்கம் பரவியிருந்தது. ஒரு கட்டத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று முடிவானது, தள்ளுவதை நிறுத்தினார்கள். 2011இல் அது 9 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள். இந்த விரல் தள்ளலைப் படித்தபின் பறவைக்கு உதவுவது என்ற சொல்லை முன்போல எளிதாக என்னால் எழுத முடிவதில்லை. இரக்கத்தில் செய்த காரியம் ஓர் இனத்தையே மனிதக் கையை நம்பி முட்டையிடும் இனமாக ஆக்கவிருந்தது.

சேவல் மாற்றியதற்கு நேர்ச்சாட்சி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. பெரும் புல்வெளிக்கோழி அங்கே 19ஆம் நூற்றாண்டில் லட்சக்கணக்கில் திரிந்த பறவை. புல்வெளியெல்லாம் சோளமும் சோயாவுமாக மாறியது. 1962இல் சுமார் 2,000 இருந்தது, 1994இல் 50க்கும் கீழே. இடையில் புல் நட்டார்கள், இரைகொல்லிகளைக் கட்டுப்படுத்தினார்கள். பறவை தேறவில்லை, முட்டை பொரிப்பது வருடத்துக்கு வருடம் குறைந்தது. 1992 தொடங்கி மின்னசோட்டா, கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து சில ஆண்டுகளில் 271 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முட்டைகள் மறுபடி பொரித்தன. ரொனால்டு வெஸ்டமையர் குழுவின் 35 ஆண்டுக் கண்காணிப்பு 1998இல் வெளியானபோது, மரபணு மீட்பு என்பது ஏட்டுச்சுரைக்காய் இல்லை என்று துறையே ஒப்புக்கொண்டது.

இல்லினாயில் குறைந்தது மரபணுப் பன்மைதான் என்று எப்படித் தெரியும்? 1930களில் பாடம்செய்து வைக்கப்பட்ட அதே ஊர்ப் பறவைகளின் தோல்களிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்ததால். அருங்காட்சியக இழுப்பறையில் பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி, வரிசையாக மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்களே, அந்தத் தோல்கள். பாதத்தின் அடியில் உள்ள காய்ந்த மெத்தைச் சதையில் அரிசிமணி அளவு செதுக்கினால் போதும். செத்து நூறு வருடமான பறவை சாட்சி சொல்லும். இப்படி இன்னொரு சாட்சியும் உண்டு. மொரீசியஸ் தீவின் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு 1974இல் நான்கே நான்கு என்று ஆனது. முட்டையிடும் பெட்டை ஒன்றே ஒன்று. கார்ல் ஜோன்ஸ் போன்றவர்களின் உழைப்பால் நூற்றுக்கணக்கில் பெருகியது. இவ்வளவு குறைந்தும் தேறியதால், தீவுப் பறவைகளுக்கு மரபணுப் பன்மை பெரிதாகத் தேவையில்லை போலும், ஆதியிலிருந்தே குறைவாக இருந்திருக்கும் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். ஜிம் குரூம்பிரிட்ஜ் குழு பழைய தோல்களைச் சோதித்து 2000இல் அதை மறுத்தது. தீவுப் பறவைக்கு ஏராளமான பன்மை இருந்திருக்கிறது. பூச்சிமருந்தாலும் காடழிப்பாலும் அது தொலைந்திருக்கிறது. தொலைந்த அந்த ரகங்களுக்கு அவர்கள் வைத்த பெயர், பேய் அல்லீல்கள்.

அதே மொரீசியஸின் இளஞ்சிவப்புப் புறா இன்னும் பெரிய எச்சரிக்கை. 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்தளவே இருந்தது, பின்னர் சில நூறாகியது. 2018இல் உலகச் சிவப்புப் பட்டியலில் ஆபத்துக் குறைந்த படிக்கு இறக்கிவைத்தார்கள். தலைக்கணக்குப்படி அது வெற்றி. 2022இல் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே பன்மை உதிர்ந்துகொண்டிருந்தது. உயிர்க்காட்சிசாலைகளில் வளரும் புறாக்களிடம் காட்டில் இல்லாத ரகங்கள் இருக்கின்றன, அவற்றைக் கலக்காவிட்டால் நூறு ஆண்டுக்குள் காட்டில் இந்தப் புறா இல்லாமல் போகக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. பட்டியலில் இடம் இறங்கியதற்குக் கொண்டாடியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

தலைக்கணக்கு ஏமாற்றும் இன்னொரு விதம் ஃபுளோரிடாவில் தெரிந்தது. ஆர்ச்போல்டு ஆய்வு நிலையத்தில் புதர்க்காட்டு ஜே பறவைகளை 1969 முதல் குடும்பம் குடும்பமாகக் கவனித்துவருகிறார்கள். நிலையத்துக்குள் எண்ணிக்கை நிலையாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே, சுற்றியிருந்த சிறுசிறு கூட்டங்கள் வீட்டுமனைகளுக்கும் தோட்டங்களுக்கும் காணாமல் போயின. அங்கிருந்து இடம்பெயர்ந்து வரும் புதுமுகங்கள் குறைந்தன. உள்ளே இருந்தவை உறவுக்குள்ளேயே இணைந்தன. குஞ்சுகளின் தரம் தாழ்ந்தது. 2016இல் வெளியான இந்த முடிவு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. சரணாலய எல்லைக்குள் ஒரு பறவைகூடக் குறையாமல் ஓர் இனம் நலிய முடியும். சர்வே எண்ணில் வராத பொட்டல், நாலு ஏக்கர் புதர், ஊர்ப் பொதுக்காடு என்று நாம் எளிதாகக் கைகழுவுகிற இடங்கள்தான் சேவல் வருகிற பக்கத்து ஊர்கள்.

எத்தனை இருந்தால் போதும் என்று அதிகாரிகள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். 1980இல் இயன் ஃபிராங்க்ளின் சொன்ன 50/500 என்ற கணக்கு இன்றும் புழங்குகிறது. உடனடி உட்கலப்பைத் தவிர்க்க 50, நெடுங்காலம் மாறிவரும் சூழலுக்கு ஈடுகொடுக்க 500. ஆனால் இது தலைக்கணக்கு இல்லை, பயனுறு எண்ணிக்கை. அதாவது மரபை அடுத்த தலைமுறைக்குச் சமமாகக் கடத்துகிறவற்றின் கணக்கு. காட்டில் அது மொத்தத் தலைகளில் பத்தில் ஒன்றுதான் தேறும் என்பது பொது மதிப்பீடு. கானமயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஓரிடத்தில் நின்று தொண்டைப்பை உப்பி ஆடும். பெட்டைகள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். ஒருசில ஆண்களே பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தந்தை. மற்றவை கணக்கெடுப்பில் தலையாக நிற்கும், வம்சத்தில் நிற்காது. ஒருகாலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த இந்தப் பறவை இன்று 150க்கும் கீழே, பெரும்பகுதி ராஜஸ்தானில். பல மாநிலங்களில் திரட்டிய மாதிரிகளை வைத்து 2011இல் ஃபரா இஷ்தியாக் குழு வெளியிட்ட ஆய்வு, தாய்வழி மரபணுவில் பன்மை மிகக் குறைவு என்றது. ஆனாலும் கானமயிலுக்கு இன்றைய எமன் மரபணு இல்லை, உயர் அழுத்த மின்கம்பி. கனத்த உடலும் முன்பக்கம் மங்கலான பார்வையுமாகப் பறந்து வந்து கம்பியில் அடிபட்டு விழுகிறது. கம்பியைப் பூமிக்குள் புதைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டு, 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. ஜெய்சல்மேர் பக்கம் சாம் என்ற ஊரில் வளர்ப்பு மையம் நடக்கிறது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பொரித்தது. யார் குஞ்சுக்கு யார் தந்தை என்று ஏடு எழுதி இணை சேர்க்கும் காலம் அங்கே வந்துவிட்டது.

மின்கம்பி எமனாக இருக்கும்போது மரபணு பேசுவது வெட்டிவேலை என்ற கட்சியும் உண்டு. 1994இல் கிரேம் காவ்லி இதை நன்றாகவே வாதிட்டார்: ஏன் குறைகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதை விட்டுவிட்டு, குறைந்தபின் என்ன ஆகும் என்ற கணக்கிலேயே துறை மயங்கிக் கிடக்கிறது என்றார். பத்து வருடம் கழித்து டெரிக் ஸ்பீல்மன் குழு பதில் சொன்னது. ஆபத்திலிருக்கும் 170 இனங்களையும் அவற்றுக்கு நெருங்கிய, ஆபத்தில்லாத இனங்களையும் ஒப்பிட்டதில் 77 சதவீத இணைகளில் ஆபத்திலிருப்பதன் பன்மை குறைவு. சராசரியாக 35 சதவீதம் குறைவு. கம்பியும் வேட்டையும் முடிக்கும் முன்பே மரபணு அரிப்பு தொடங்கிவிடுகிறது என்பது அதன் பொருள். இரண்டு கட்சிக்கும் பாதி நியாயம் உண்டு. முதலில் கொல்வதை நிறுத்த வேண்டும். நிறுத்தியபின் எஞ்சியவை தம்மளவில் பெருக என்ன மிச்சம் இருக்கிறது என்பதை மரபணுதான் சொல்லும்.

இந்த விதிக்கு அடங்காத பறவைகளும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. வட அமெரிக்காவின் பயணிப் புறா பல நூறு கோடி இருந்த இனம். கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டியில் இறந்தது. அதன் பழைய தோல்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வு, அவ்வளவு எண்ணிக்கைக்கு எதிர்பார்க்கும் பன்மை அதனிடம் இல்லை என்றது. பெருங்கூட்டமாக வாழ்வதற்கென்றே கடுமையாக வடிகட்டப்பட்ட இனம். கூட்டம் சிதைந்ததும் சமாளிக்கத் தெரியவில்லை. நேரெதிராக, ஐரோப்பாவின் வெண்வால் கடற்கழுகு நஞ்சாலும் துப்பாக்கியாலும் வெகுவாகக் குறைந்தும் பன்மையைப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டது. காரணம், நீண்ட ஆயுள். இழப்பு ஆண்டுக்கணக்கில் நடப்பதில்லை, தலைமுறைக்கணக்கில் நடக்கிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் நம் பாறுகளுக்கும் இந்த நீண்ட ஆயுள் உண்டு. பாறுகளைக் கொல்லும் டைக்ளோஃபினாக் மருந்து ஒழிந்தால் மீளக் கால அவகாசம் இருக்கிறது என்று நம்ப இது ஒரு காரணம்.

நியூசிலாந்தின் காக்காப்போ இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லும் பறக்காத கிளி. 1995இல் 51 இருந்தது, 2022இல் 252. இடும் முட்டையில் ஏறக்குறைய பாதி பொரிப்பதில்லை. இன்றைய கிளிகள் ஏறக்குறைய எல்லாமே ஸ்டீவர்ட் தீவு வம்சம். பெருநிலத்தின் ஃபியார்ட்லாந்திலிருந்து 1975இல் பிடிபட்டு வாரிசு தந்தது ‘ரிச்சர்ட் ஹென்றி’ என்று பெயர்வைத்த ஒற்றைக் கிழட்டு ஆண். 1998இல் அது மூன்று குஞ்சுகளுக்குத் தந்தையானது, 2010இல் செத்தது. அந்த மூன்றும்தான் ஒரு முழு நிலப்பரப்பின் மிச்ச விதை. ஆனால் 2021இல் வந்த ஆய்வு இன்னொன்றையும் கண்டது. ஸ்டீவர்ட் தீவில் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டு தனித்துக் கிடந்த வம்சத்தில், பெருநிலத்து வம்சத்தைவிடத் தீய மரபணுப் பழுதுகள் குறைவு. பழுதுடையவை செத்துச் செத்து வம்சம் தன்னைச் சலித்துக்கொண்டிருக்கிறது. மெதுவாகச் சிறுத்தால் இப்படிச் சலிக்க நேரம் கிடைக்கும். இல்லினாயில் நடந்ததுபோலச் சில பத்தாண்டில் சிறுத்தால் கிடைக்காது.

இனி நம் மலைக்கு வரலாம். கோவை உக்கடத்தில் பஸ் ஏறினால் பொள்ளாச்சிக்கு ஒரு மணி நேரம். வழியெல்லாம் தென்னையும், ஜன்னலில் அறையும் பாலக்காட்டுக் காற்றும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் கணவாய். நாம் மசால்வடை தின்றுகொண்டே கடக்கும் இந்தச் சமவெளியை ஒரு சிறு பறவை பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்கவில்லை. அதன் பெயர் சோலைக்கிளி. கிளி அல்ல, மலையாளத்தில் சிறு பறவை எதுவும் கிளிதான். நீலச்சாம்பல் நிறத்தில், சோலைக்காட்டின் இருட்டுத் தரையில் தத்தித் திரியும். சுமார் 1,400 மீட்டருக்கு மேலே உள்ள சோலைகள்தான் அதற்கு நாடு. தாழ்நிலம் அதற்குக் கடல், மலையுச்சிகள் தீவு. வானத்தீவுகள் என்று இவற்றைச் சொல்வது வெறும் அலங்காரமில்லை.

வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலானோர் இந்த உச்சிகளில் மெல்லிய வலை கட்டி, விழுந்த பறவையின் சிறகு நரம்பிலிருந்து ஓரிரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவையின் சிவப்பணுவில் உண்டு. அதனால் மரபணுவுக்கு ஒரு சொட்டே தாராளம். கிடைத்த முடிவு நூற்றைம்பது ஆண்டுப் பறவைநூல்களைத் திருத்தியது. நீலகிரிப் பக்கத்துப் பறவையும் ஆனைமலை, பழனிப் பக்கத்துப் பறவையும் வெவ்வேறு இனம். செங்கோட்டைக் கணவாய் ஏழு கிலோமீட்டர் அளவுதான் அகலம், ஆனால் அதற்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பது மூன்றாவது இனம். 2017இல் அதற்கு ஆஷம்பூ சோலைக்கிளி என்று பெயர் வந்தது. சோலைக்கிளிகளுக்கும், சிலப்பன் எனப்படும் சிரிப்பான்களுக்கும் உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்களே வகுத்தார்கள். எல்லாப் பறவையையும் கணவாய் பிரிக்கவில்லை. 23 இனங்களைப் பார்த்ததில் சிலவற்றுக்கு அது தடையே இல்லை. பிரிக்கப்பட்டவற்றின் பாட்டும் உச்சிக்கு உச்சி மாறியிருக்கிறது.

இந்தப் பழைய பிரிவு இயற்கை போட்டது, அதில் நமக்கு வேலையில்லை. நம் வேலை புதிய பிரிவில் இருக்கிறது. ஒரே மலைத்தொகுதிக்குள், ஒரே இனத்துக்குள், ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே 19ஆம் நூற்றாண்டில் தேயிலை வந்தது. பிறகு யூகலிப்டஸ், வாட்டில், ஊர், சாலை. 2015இல் ராபின் குழு மலையுச்சிப் பறவைகள் இரண்டை ஆராய்ந்து, இந்த அண்மைக் காடழிப்பே மரபணுப் போக்குவரத்தைக் குறைத்துவிட்டதைக் காட்டியது. தீவுக்குள் தீவு என்று அந்தக் கட்டுரைக்குப் பெயர் வைத்தார்கள். நூற்றைம்பது ஆண்டு மரபணுவுக்கு நேற்று மாதிரி. அதற்குள்ளேயே தடம் பதிந்துவிட்டது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, கவனிக்க வேண்டும். இல்லினாய்ப் பாடத்தைப் படித்துவிட்டு, அகத்தியமலைச் சோலைக்கிளி குறைகிறதே என்று நீலகிரியிலிருந்து நாலு ஜோடி கொண்டுவந்து விட்டால் அது மீட்பில்லை, கெடுப்பு. ஓர் இனத்தை இன்னோர் இனத்தில் கரைப்பது. ஆனால் வால்பாறைப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே துண்டாகக் கிடக்கும் இரண்டு சோலைகளுக்கு இடையில் மரம் வளர்த்து இணைப்பது மீட்பு. எதைச் சேர்க்க வேண்டும், எதைச் சேர்க்கவே கூடாது என்பதைத் தலைக்கணக்கு ஒருநாளும் சொல்லாது.

சேரக்கூடாதது சேர்ந்த கதைக்குத் தொலைவு போக வேண்டாம். கோழிக்கே வருவோம். நாட்டுக்கோழியின் மஞ்சள் காலைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் அந்த மஞ்சளுக்கான மரபணு அதிலிருந்து வரவில்லை, தீபகற்ப இந்தியாவுக்கே உரிய நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் நிறுவினார்கள். இன்று உலகமெங்கும் பண்ணைகளில் நிற்கும் மஞ்சள் தோல் கோழிகளெல்லாம் நம் காட்டிலிருந்து போன ஒரு துணுக்கைச் சுமக்கின்றன. திரும்பி வருவது கசப்பானது. சிங்கப்பூரிலிருந்து 2023இல் வெளியான ஆய்வு, நூறு ஆண்டுக்கு முந்தைய சிவப்புக் காட்டுக்கோழித் தோல்களை இன்றையவற்றோடு ஒப்பிட்டது. இன்றைய காட்டுப் பறவையின் மரபணுத்தொகுதியில் 20 முதல் 50 சதவீதம் வரை வீட்டுக்கோழியிடமிருந்து கலந்திருக்கிறது. பார்வைக்குக் காட்டுக்கோழி, கூவுவதும் அப்படித்தான், எண்ணினால் தலை நிறைய இருக்கும். உள்ளே பாதி பண்ணை.

2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட பல்லுயிர்ச் சட்டகம், இனங்களுக்குள் உள்ள மரபணுப் பன்மையையும் காக்கச் சொல்கிறது. இனங்களுக்குள் பயனுறு எண்ணிக்கை 500ஐத் தாண்டிய தொகைகளின் விகிதம் என்ன என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. அளவுகோல் வந்துவிட்டது, அளக்க மாதிரி வேண்டும். ஹைதராபாத்தில் மரபணு ஆய்வகம் இருக்கிறது, ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது, வண்டலூரில் நம் வனத்துறையின் ஆய்வு நிறுவனமே இருக்கிறது. காட்டிலிருந்து அங்கே போய்ச்சேரும் பொருள்தான் குறைவு. 1930களில் இல்லினாயில் தோல் உரித்து வைத்தவருக்கு அதிலிருந்து மரபணு எடுத்துப் படிக்க முடியும் என்றே தெரியாது; அவர் வைத்த தோல்தான் அறுபது ஆண்டு கழித்து அந்தப் பறவைக்கு வழக்காடியது.

தமிழ்நாடு வனத்துறையிடம் ஒரு வேண்டுகோள். மலைச்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பறவையை, மின்கம்பிக்குக் கீழே விழுந்து கிடப்பதைப் புதைப்பதற்கு முன் விரல்நுனி அளவு தசையை எடுத்து எத்தனால் குப்பியில் போட்டு, இடமும் நாளும் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு வனச்சரக அலுவலகத்திலும் பத்துக் குப்பியும் ஒரு பேனாவும் இருந்தால் போதும். வாசகர்களும் சோலைகளில் இப்படி எதையாவது பார்த்தால் தாங்களாக எடுக்காமல் (சட்டப்படி அது குற்றம்) சரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். குஞ்சுகள் பறந்து போன கூட்டில் பொரிக்காமல் கிடக்கும் முட்டையைப் பார்த்தாலும் சொல்லுங்கள்.